இறுகிப்போன பொம்மை நீராவி எஞ்சின்: நாமே பிரிப்பதா, லேத் பட்டறையா, வெளிநாட்டுப் பாகமா?

பழைய பொம்மை நீராவி எஞ்சின் ஒன்று கைக்கு வருகிறது, ஃப்ளைவீலை விரலால் தள்ளினால் அசையவே மறுக்கிறது. உடனே எல்லோரும் கேட்பது இதை எப்படிச் சுற்ற வைப்பது என்றுதான். அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது என்பேன். முதலில் பார்க்க வேண்டியது பாய்லர். இறுகிய பிஸ்டனை இளக்க நாலைந்து வழி உண்டு, பொறுமை இருந்தால் வீட்டிலேயே வேலை முடிந்துவிடும். பாய்லர் போயிருந்தால்தான் செலவு, ஆபத்து, பாகம் தேடி அலைச்சல் எல்லாம். அதனால் நாமே பிரித்துச் சரிசெய்வதா, ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுப்பதா, இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பாகம் வரவழைப்பதா, இல்லை எதையும் தொடாமல் அலமாரியில் வைத்துவிடுவதா என்ற முடிவை, பாய்லரைப் பார்ப்பதற்கு முன்னால் எடுக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இவை பெரும்பாலும் பெங்களூருவின் பழைய பொருள் கடைகள் வழியாக வருகின்றன, அப்புறம் கோலார் தங்கவயல் வீடுகளிலிருந்து. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்திய காலத்தில் குடியிருந்த ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பொருட்கள் இன்னும் அந்தப் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கிடைப்பதில் அதிகம் மேமாட், 1937இல் பர்மிங்காமில் ஜெஃப்ரி மாலின்ஸ் தொடங்கியது. அடுத்தது விலெஸ்கோ, ஜெர்மனியின் லூடன்ஷைட் ஊரில் 1912 முதல் இருக்கும் கம்பெனி. அபூர்வமாக நியூரம்பர்க்கின் பிங் எஞ்சின் ஒன்று தலைகாட்டும். எந்த கம்பெனி என்று தெரிந்துகொள்வது பெருமைக்காக அல்ல. மேமாட்டுக்கும் விலெஸ்கோவுக்கும் பாகம் இன்றும் கிடைக்கிறது. பிங் 1930களிலேயே மூடிப்போனது, அதற்கு வேண்டியதைக் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

அலமாரியில் வைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்குச் சுலபமாக மனம் வராது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடி அகலப் பாதையில் நீராவி ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், உள்ளங்கை அளவு எஞ்சினாக இருந்தாலும் அது ஓடினால் பார்க்க ஆள் நிற்கும். ஓடக்கூடியதை ஓடவைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நீராவியில் ஓடுவது ஒன்று, காற்றில் ஓடுவது இன்னொன்று. எது என்பதைச் சொல்வது பாய்லர்தான்.

பாய்லரை எப்படிப் பார்ப்பது? சேப்டி வால்வைக் கழற்றிவிட்டு போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு இருந்தால் உப்புப் படிவு, அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. பக்கவாட்டு மூடிகள் வெளியே உப்பியிருக்கின்றனவா, மூட்டில் ஈயப்பற்று உருண்டை உருண்டையாக வழிந்து நிற்கிறதா, தீ படும் அடிப்பாகத்தில் பித்தளை மஞ்சள் நிறம் போய்ச் செம்பு மாதிரி சிவந்திருக்கிறதா என்பவைதான் முக்கியம். பற்று வழிந்திருந்தால் யாரோ தண்ணீர் வற்றிய பிறகும் தீயை எரியவிட்டிருக்கிறார்கள். சிவப்புத் திட்டு என்றால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறிவிட்டது, அந்த இடத்தில் உலோகம் பலமில்லாத பொருக்காகத்தான் மிச்சமிருக்கும்.

இந்த பாய்லர்களின் வேலை அழுத்தம் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ, அதாவது பைக் டயரில் அடிக்கும் காற்றைவிடக் குறைவு. ஒன்றரை கிலோவில் நீராவியின் சூடு ஏறக்குறைய 127 டிகிரி. ஈயப்பற்று இளகத் தொடங்குவது 183 டிகிரியில். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பற்றுக்கு ஒன்றும் ஆகாது, வற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கண்ணாடியோ ஓட்டைத் திருகோ இருக்கும் எஞ்சின்களில் முதலில் அதைச் சுத்தம் செய்யச் சொல்வது இதனால்தான்.

கண்ணால் பார்த்ததோடு விடக்கூடாது, தண்ணீர்ச் சோதனை கட்டாயம். பாய்லரைக் காற்றுக் குமிழ் துளிகூட இல்லாமல் பச்சைத் தண்ணீரால் நிரப்பி, பிளம்பர்கள் பைப் லைன் சோதிக்க வைத்திருக்கும் கைப்பம்பை இணைத்து, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது மூன்று கிலோவரை மெதுவாக ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பம்போடு வரும் மீட்டர் பெரிய அளவுக்கானது, மூன்று கிலோ அதில் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது, ஏழு கிலோ வரைக்குமான சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள். பாய்லரைத் துணியால் துடைத்துவிட்டு மூட்டுகளில் வியர்க்கிறதா என்று பாருங்கள். இதைப் பஞ்சர் கடைக் காற்றில் செய்யவே கூடாது. தண்ணீர் அமுங்காது, பற்று விட்டாலும் ஒரு சொட்டு கசிந்ததுமே அழுத்தம் இறங்கிவிடும். அமுக்கிய காற்று அப்படியில்லை, அடைத்து வைத்த வேகம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே பாயும், கூடவே பித்தளைத் துண்டும் பறக்கும்.

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் பெரிய பாய்லர்கள் இருக்கின்றன, அவற்றைச் சோதிக்க அரசாங்க ஆய்வாளர் வருவார், சான்றிதழ் தருவார். இந்தியக் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்தவற்றைத் தன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. நம் பொம்மை பாய்லர் ஒரு லிட்டர்கூட வராது. அதனால் அதற்கு ஆய்வாளர் நாம்தான், தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் பற்றவைக்கிற பேச்சே வேண்டாம்.

சோதனையில் தேறிய பாய்லர் என்றால் நீராவிக்கே போகலாம். மூட்டில் மட்டும் வியர்த்தால் பற்றுப் போட்டுப் பார்க்கலாம். உப்பிப்போனது, சிவந்துபோனது என்றால் அதற்குத் தீ காட்டக்கூடாது, எஞ்சினைக் காற்றில் ஓட்டுவதே வழி. பாய்லரைத் தவிர்த்துவிட்டு நீராவிக் குழாயில் நேராக அரை கிலோ காற்றைக் கொடுத்தால் நல்ல எஞ்சின் அருமையாகச் சுற்றும். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். சுடுதண்ணீர் இல்லை, தீ இல்லை, பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பாய்லர் நல்லதாக இருந்தாலும்கூட முதல் ஓட்டத்தைக் காற்றில்தான் செய்ய வேண்டும், எங்கே உரசுகிறது, எங்கே கசிகிறது என்பதெல்லாம் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தெரிந்துவிடும்.

சரி, இப்போது இறுகிய பிஸ்டனுக்கு வருவோம். பெரும்பாலும் இறுகுவது துருவால் அல்ல. யாரோ ஒரு காலத்தில் தையல் மெஷின் எண்ணெயை விட்டிருப்பார்கள், அது காய்ந்து பிசினாகிவிட்டது, அதன்மேல் பித்தளைக்கே உரிய பச்சைக் களிம்பு. துரு இருந்தால் இரும்புத் தண்டிலும் கிராங்க் அச்சிலும்தான் இருக்கும். இந்த வேலையை லேத் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள், அவர்களுக்கு நேரம்தான் காசு, வைஸில் இறுக்கிப் பிடித்து ஒரு தட்டு தட்டுவார்கள், பென்சில் முனை அளவு இருக்கும் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். வளைந்த தண்டை நிமிர்த்துவது இறுகிய பிஸ்டனை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

மேமாட் மாதிரி ஆடும் சிலிண்டர் உள்ளவற்றில், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றினால் சிலிண்டர் தனியாகக் கையோடு வந்துவிடும். அதை டீசலில் ஊறப்போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஆனாலும் அவசரப்படாதீர்கள். பிறகு சோப்புத் தூள் போட்ட கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் தண்டைத் துணியால் பிடித்து இழுக்காமல் திருகிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கிரீஸ் கன். ஒரு பக்கம் மட்டும் நீராவி வாங்கும் சிறிய சிலிண்டர்களில் மறுமுனை திறந்தே இருக்கும். தட்டையான முகத்தில் நீராவி நுழையும் ஓட்டை ஒன்று இருக்கும் அல்லவா, அதன்மேல் ரப்பர் வாஷர் வைத்து, கிரீஸ் கன் மூக்கை அழுத்திப் பிடித்து மெதுவாக ஒரு அமுக்கு. பிஸ்டன் ஒரு மயிரிழை நகரும், நிற்கும். இன்னொரு அமுக்கு, இன்னும் கொஞ்சம். வெளியே வரும்போது கறுப்புப் பிசின் பிஸ்டனைச் சுற்றி வளையமாகத் திரண்டு வரும், பின்னால் கிரீஸ் தள்ளிக்கொண்டு வரும். சுத்தியல் எடுக்காமலே வேலை முடிந்தது. விலெஸ்கோ டி20 போல சிலிண்டர் நிலையாக நின்று ஸ்லைடு வால்வால் இரண்டு பக்கமும் நீராவி வாங்குகிற எஞ்சினில் இந்த உபாயம் அப்படியே செல்லாது. அங்கே ஊறப்போடும் நாட்களைக் கூட்டிக்கொள்வதுதான் நல்லது.

பிஸ்டன் வந்துவிட்டது, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பலமில்லை, பக்கவாட்டில் புஸ்ஸென்று கசிகிறது என்றால் சிலிண்டர் முகமும் அது உரசும் தட்டும் தேய்ந்திருக்கின்றன. இதற்கு ஸ்பிரிங்கை இறுக்குகிறவர்கள் அதிகம். அது கசிவை நிறுத்தும், கூடவே எஞ்சினையும் நிறுத்தும், உரசல் கூடிவிடுவதால். பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி எடுப்பதும் எனக்கு ஒப்பில்லை, ஓட்டைகளின் அமைப்பு மாறாவிட்டாலும் அவர்கள் எடுக்கும் ஆழம் அதிகம். ஒரு கண்ணாடித் துண்டு, 1200 நம்பர் வாட்டர் பேப்பர், மார்க்கர் பேனா, கொஞ்சம் எண்ணெய் இருந்தால் போதும். முகம் முழுவதும் மார்க்கரால் பூசிவிட்டு, கண்ணாடி மேல் விரித்த தாளில் எட்டு போடுவது போலத் தேயுங்கள். மை அங்கங்கே மட்டும் அழிந்தால் அங்கெல்லாம் மேடு. மை முழுவதும் ஒரே சீராகப் போனதும் நிறுத்திவிடுங்கள். கடைசி மெருகுக்குப் பித்தளை பாலிஷ் போதும். எஞ்சின் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தொடாதீர்கள், அதன் துகள் பித்தளைக்குள் பதிந்துகொண்டு ஓடும்போதெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்கும்.

பிஸ்டனே தேய்ந்திருந்தால்? அதில் பள்ளம் வெட்டியிருந்தால் பிளம்பர் கடை டெஃப்லான் டேப்பைக் கயிறாக முறுக்கி அதில் சுற்றலாம், இந்தச் சூட்டை அது நன்றாகத் தாங்கும். பள்ளம் இல்லையென்றால் புதிய பிஸ்டன்தான். நம் ஊர் லேத் பட்டறைக்குப் போக வேண்டிய நேரம் இதுதான், இந்த ஒரு விஷயத்தில் நமக்கு இருக்கும் வசதி வேறு பல மாவட்டக்காரர்களுக்குக் கிடையாது.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வரிசையாகப் பட்டறைகள் இருக்கின்றன. சிஎன்சி வைத்திருப்பவர்களிடம் போகாதீர்கள், ஒரே ஒரு பீஸுக்கு அவர்கள் மெஷினை நிறுத்த மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கையால் ஓட்டும் பழைய லேத் வைத்துக்கொண்டு வயதான டர்னர் ஒருவர் இருக்கும் சின்னப் பட்டறையைத் தேடுங்கள். அளவை எழுதிக் கொடுப்பதைவிட சிலிண்டரையே கொடுத்துவிடுங்கள், அதற்குப் பொருந்துகிற மாதிரி கடைந்து தரச் சொல்லுங்கள், பித்தளை அல்லது கன்மெட்டல். வாங்கும்போது அங்கேயே ஒரு சோதனை: எண்ணெய் போடாத பிஸ்டனைச் சிலிண்டரில் விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும், நீராவி ஓட்டையை விரலால் அடைத்தால் இறங்குவது நிற்க வேண்டும். அப்படி நின்றால் காசைக் கொடுத்துவிட்டு வரலாம். கிராங்க் பின், ஃப்ளைவீல் புஷ், சக்கர அச்சு இவற்றுக்கும் இதே வழிதான், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைவிட விரைவு, பெரும்பாலும் மலிவு.

மரையில்தான் சிக்கல். மேமாட்டின் சின்னத் திருகுகள் பிஏ என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு. பட்டறையில் "அண்ணா, இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று கேட்டால், அவர் டப்பாவிலிருந்து மூன்றரை மில்லி ஸ்க்ரூ ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்ப்பார். இரண்டு சுற்று போகும், அங்கேயே பிடித்துக்கொள்ளும். "மரை ஒத்து வரலீங்களே" என்பார். ஒத்து வராதுதான், 4பிஏ திருகின் விட்டம் 3.6 மில்லி, மரை இடைவெளி 0.66. மூன்றரை மில்லித் திருகின் இடைவெளி 0.6. மரையின் கோணமும் வேறு, பிஏவுக்கு 47.5 டிகிரி, மெட்ரிக்குக்கு 60. அதையும் மீறித் திருகினால் பித்தளை மரை அத்தோடு போச்சு. ஓட்டையைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை வெட்டிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வேலைக்கு அது சரியாகத்தான் வரும், ஆனால் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. மேமாட் என்றால் நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன், பிஏ திருகும் நட்டும் இங்கிலாந்தில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு. சக்கரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் ஓட்டை, ஏற்கெனவே யாரோ கெடுத்தது என்றால் மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது ஒரே ஒரு பாகம், சேப்டி வால்வு. அதை இங்கே கடைந்து, பேனா ஸ்பிரிங்கைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். எத்தனை கிலோவில் திறக்கும் என்பது அந்த ஸ்பிரிங்கைப் பொறுத்தது, ஊகத்தில் போட்ட ஸ்பிரிங் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆர்டர் போடும்போது மேமாட்டுக்குக் கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை என்று பார்த்துக்கொள்ளுங்கள், விலெஸ்கோ மெட்ரிக். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் சின்னப் பாகத்தின் விலையையே தாண்டிவிடும். அதனால் வால்வு, பிஏ திருகு, ஸ்பிரிங், வாஷர் எல்லாவற்றையும் முழுக்கப் பிரித்துப் பார்த்தபிறகு பட்டியல் போட்டு ஒரே பார்சலாக வரவழையுங்கள்.

கசியும் பாய்லருக்கும் மூன்று வழி சொல்வார்கள். எம்-சீல் போட்டு அடைப்பது வழியே இல்லை. பழையபடி ஈயப்பற்று வைப்பது, மூட்டு மட்டும் விட்டிருந்து தகடு நல்லதாக இருந்தால் சரியான வைத்தியம். பழைய பற்றை வழித்தெடுத்து, பித்தளை பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, ஃப்ளக்ஸ் போட்டு வைத்தால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் மறுபடி தண்ணீர்ச் சோதனை. மூன்றாவது, ஏசி மெக்கானிக்கிடம் கொடுத்து பிரேசிங் பண்ணுவது. கேட்கப் பலமாகத் தெரியும், எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அவர் கை பழகியது செம்புக் குழாயில். இது மெல்லிய பித்தளை, 900 டிகிரிச் சொச்சத்திலேயே உருகிவிடும், பிரேசிங்குக்கு 600க்கு மேல் வேண்டும், நடுவில் தவறுவதற்கு இடம் அதிகமில்லை. பழைய ஈயம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பிரேசிங் பிடிக்காது, மூட்டையும் அரித்துவிடும். தகடே போய்விட்டது என்றால் புது பாய்லர் வாங்கலாம், மேமாட், விலெஸ்கோ இரண்டுக்கும் உண்டு. அந்தச் செலவு எஞ்சின் விலைக்குச் சமமாக வந்தால் காற்றில் ஓட்டிக்கொண்டு பழைய பாய்லரை அதன் இடத்திலேயே விட்டுவிடுவேன்.

பிரிக்கும்போது ஒன்று. பழைய ஸ்பிரிட் பர்னரின் திரியும் சில வாஷர்களும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும், நனைத்து எடுத்து ஈரத்தோடு பையில் கட்டிவிடுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். எரிபொருளுக்கு மேமாட்டே 1970களில் ஸ்பிரிட்டை விட்டுவிட்டு, கட்டியாக எரியும் எரிபொருள் மாத்திரைக்கு மாறியது. தமிழ்நாட்டில் ஸ்பிரிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் நமக்கும் மாத்திரைதான் சரி, ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதன் புகை நல்லதல்ல.

தண்ணீரும் முக்கியம். நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அந்த போர்வெல் தண்ணீரை பாய்லரில் ஊற்றினால் உப்பு படிந்துகொண்டே போகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டி முடித்ததும் சூடு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். இருக்கும் படிவை எடுக்க எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றலாம், ஆனால் நுரை நின்றதும் கொட்டிக் கழுவிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பித்தளையைத் தின்ன ஆரம்பிக்கும். வெளிப்புறத்துக்குப் புளி போட்டுத் தேய்ப்பது வெறும் பித்தளைக்குச் சரி, நிக்கல் பூச்சு உள்ள விலெஸ்கோ பாய்லருக்குப் புளி ஆகாது.

விற்கிற எண்ணம் இருந்தால் பெயின்டைத் தொடவே தொடாதீர்கள். உதிர்ந்த பழைய பெயின்டுக்குச் சேகரிப்பவர்கள் கொடுக்கும் மதிப்பு புதுப் பளபளப்புக்குக் கிடையாது. பிஸ்டனை இளக்கி, முகத்தைச் சீராக்கி, காற்றில் ஓட்டிக் காட்டுங்கள். தண்ணீர்ச் சோதனை செய்திருந்தால் எத்தனை கிலோவுக்கு, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி எஞ்சினோடு கொடுங்கள். செய்யவில்லை என்றால், பாய்லர் சோதிக்கப்படவில்லை, பற்றவைக்க வேண்டாம் என்று அதே தாளில் எழுதுங்கள். வாங்குகிறவர் வீட்டில் அதைப் பற்றவைக்கப்போவது அநேகமாக ஒரு பிள்ளை.